ஆத்தா குடுத்த முடி

தம்பி, தப்பா நெனைக்காதீங்க. அந்தத் தொப்பிய அப்படி முன்னால புடிச்சு இழுக்கக் கூடாது. உரசும். பின்னால ரெண்டு கையும் குடுத்துத் தூக்கி, நெத்திக்கு மேல படாம எறக்கணும். ஆங், அப்படித்தான். சொல்லித் தரலயா அங்க?

எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்குறீங்களா? பின்மண்டையில பொடிப்பொடியா செவப்புப் புள்ளி தெரியுது. அங்க இருந்து பிடுங்கி முன்னால நட்டிருக்காங்க. கூச்சப்படாதீங்க, நானும் அந்தக் கட்சிதான். இந்தா, நெத்தியில இருந்து இங்க வரைக்கும் எல்லாமே நடவு. வேணும்னா இழுத்துப் பாருங்க. வேணாமா? சரி.

கொஞ்சம் மெதுவாப் பேசுறேன். முன்னால லேடீஸ் சீட்டுல என் வீட்டம்மா பிள்ளையோட உக்காந்திருக்கா. அவளுக்கு இது தெரியாது. ஆடி மாசத்துல இருந்து தெரியாது. ஒரே வீட்டுல இருக்கிற பொண்டாட்டிக்குத் தெரியாம ஒருத்தன் தலையில நாத்து நட்டு அறுவடையும் பாத்துட்டான்னா அவன் எவ்வளவு பெரிய கெட்டிக்காரன்! அப்படித்தான் நானும் நெனைச்சிருந்தேன். இன்னைக்கு அவகிட்டச் சொல்லியே ஆகணும்னு ஆயிப்போச்சு. எப்படி ஆரம்பிக்கன்னு தெரியல. ஒங்ககிட்ட ஒரு தரம் சொல்லிப் பாக்குறேன், ஒத்திகை மாதிரி. விருதுநகர் வரைக்கும் வர்றீங்கள்ல?

என் பேரு சீனிராஜ். ஸ்கூல்ல பி.டி. வாத்தியார். எங்களுக்கு கிரவுண்டுதான் கிளாஸ் ரூம், வெயில்தான் கூரை. எவனாவது "சார், வெயிலடிக்குது, நெழல்ல வெளாடலாமா"ன்னு கேட்டா, "ஏன்டா, நீ என்ன ஐஸா, உருகிருவியா?"ன்னு கேப்பேன். வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து அதே கேள்வி. முப்பத்தஞ்சு தாண்டுறதுக்குள்ள முன்தலை காலியாயிருச்சு. நான் வெயில்மேல பழி போட்டேன். பின்னால எனக்கு முடி நட்ட டாக்டரம்மா, "வெயிலுக்கும் வழுக்கைக்கும் சம்பந்தமே இல்ல, ஒங்க அப்பா போட்டோவப் பாருங்க"ன்னு சொல்லிட்டாங்க.

பிள்ளைக எனக்கு வச்ச பேரு சோலார். "டேய், சோலார் வருதுடா"ன்னு ஓடுவானுக. நான் காதுல விழாத மாதிரி விசில் ஊதுவேன். பேரைக்கூடத் தாங்கிக்கிட்டேன் தம்பி. கபடியில எங்க ஸ்கூல் கப்பு ஜெயிச்சுச்சு. நான் டிரெயினிங் குடுத்த டீம். குரூப் போட்டோ எடுக்க வந்த ஆளு கேமராவுல கண்ண வச்சுக்கிட்டு, "அந்த ஓரத்து சார், ஒங்க தலையில லைட்டடிச்சு பிள்ளைக மூஞ்சி தெரியல, அந்தத் தூணுக்குப் பின்னால போங்க"ன்னான். போய் நின்னேன். அந்தப் போட்டோ இன்னமும் ஹெச்.எம். ரூம்புல மாட்டிருக்கு. அதுல என் கை மட்டும் இருக்கு.

வீட்டுல போய், "முடி நடுறாங்களாம், விசாரிக்கட்டுமா"ன்னு கேட்டேன். என் வீட்டம்மா பேரு மாரீஸ்வரி. "எதுக்கு? ஒங்க முடியப் பாத்தா நான் கழுத்த நீட்டுனேன்? இப்படியே லட்சணமாத்தான் இருக்கீங்க. தலையில ஊசிகீசி குத்துனீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்"ன்னா. லட்சணமா இருக்கீங்கன்னு அவ சொன்னத நான் ஆறுதலுக்குச் சொல்றான்னு எடுத்துக்கிட்டேன். பொண்டாட்டி பேச்ச நம்பாம கேமராக்காரன் பேச்ச நம்புன மொத ஆளு நானாத்தான் இருப்பேன்.

மதுரையில வாத்தியாருகளுக்குப் பயிற்சி முகாம்னு சொல்லிட்டுப் போனேன். என்ன செலவாச்சுன்னு கேக்காதீங்க, ஒங்களுக்கே தெரியும். எல்லாம் முடிஞ்சு, டாக்டரம்மா எப்படி நடந்துக்கணும்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. "வெயில் படவே கூடாது. புதுத்தோலு, பட்டா வெந்து போயிரும், கறுத்துப் போயிரும். மூணு மாசத்துக்கு நேர் வெயில நெனைச்சுக்கூடப் பாக்காதீங்க. குனியாதீங்க, சொறியாதீங்க, தலைய ஒசத்தி வச்சு மல்லாக்கப் படுங்க, இந்த உப்புத் தண்ணிய அடிச்சுக்கிட்டே இருங்க. சார் என்ன வேல பாக்குறீங்க?"ன்னாங்க. பி.டி. வாத்தியார்னேன். பேனாவ மூடி வச்சுட்டாங்க.

ஊருக்கு வந்து பஸ்ஸ விட்டு எறங்குறேன், ஆடிக்காத்து மண்ண வாரி அடிக்குது. எங்க தெருவுல நுழைஞ்சதும் தொப்பியத் தூக்கிட்டுப் போயிருச்சு. எடுக்கணும்னா குனியணும். குனியக் கூடாது. அப்படியே கொடிக்கம்பம் மாதிரி நிக்கேன். நெத்தி வீங்கி, கண்ணு ரெண்டும் இடுங்கிப் போயி, தலை பூராப் பொருக்கு. வாசல் தெளிச்சுக்கிட்டிருந்த மாரீஸ்வரி நிமிந்து பாத்தா. வாளி கீழ விழுந்துச்சு.

"ஆத்தா!"ன்னா.

என்னைக் கூப்பிடலன்னு தெரிஞ்சது.

"தலை பூரா முத்துப் போட்டிருக்கே! மூஞ்சி எல்லாம் வீங்கி! ஆடி மாசத்துல என் வீட்டு வாசல்ல வந்து எறங்கிட்டியே தாயி!"ன்னு அந்த ஈரத் தரையில விழுந்து கும்பிட்டா. அம்மைன்னு நெனைச்சுட்டா தம்பி. அந்த எடத்துலயே சொல்லிருக்கணும். வாயத் தொறந்தேன். அதுக்குள்ள எதிர்வீட்டு பரமானந்தம் அண்ணாச்சி, மளிகைக் கடை வச்சிருக்காரு, சத்தம் கேட்டு வந்து நின்னுட்டாரு. அவருக்கு என்னைவிட வழுக்கை. அவரு முன்னால போய் முடி நட்டேன்னு எப்படிச் சொல்ல? வாய மூடிக்கிட்டேன். உள்ள போனதும் சொல்லிரலாம்னு நெனைச்சேன்.

உள்ள போனதும் பாத்தா, எனக்கே ஒரு யோசனை வந்துருச்சு. டாக்டரம்மா வெயில்ல போகாதீங்கன்னாங்க. இவ வாசல்ல வேப்பிலையச் சொருகிட்டு, படி தாண்டக் கூடாதுன்னா. அவுங்க காரத்தக் கொறைங்கன்னாங்க, இவ வீட்டுல தாளிக்கிறதையே நிறுத்திட்டா. அவுங்க ஆளுக கூட்டத்துல நிக்காதீங்கன்னாங்க, இங்க தெருவே எங்க வீட்டத் தாண்டி ஓடுது. சொறியக் கைய நீட்டுனா பட்டுனு அடிக்கிறா. ஸ்கூல்ல அம்மைன்னதும் "அவசரமே இல்ல சார், மெதுவா வாங்க"ன்னு ஹெச்.எம். போனை வச்சுட்டாங்க. ஆத்தாளும் டாக்டரம்மாவும் எனக்குன்னே கலந்து பேசி முடிவெடுத்த மாதிரி இருந்துச்சு. இதக் கெடுப்பானா மனுசன்?

ஒரே ஒரு தொந்தரவு, அந்த வேப்பங்கொழை. அரிக்கிற எடத்துல வேப்பங்கொழையால தடவணும்ல, அம்மைக்கு? இவ தலைக்கு நேரா கொண்டு வர்றா. நட்டு நாலு நாள்கூட ஆகல! "தலையில தொடாத!"ன்னு கத்திட்டேன். நானே இதுவரைக்கும் கேட்டிராத ஒரு குரல்ல கத்திட்டேன். ஆத்தாதான் என் வாயில வந்து பேசுறான்னு அவ நெனைச்சு, மறுபடியும் கீழ விழுந்து கும்பிட்டா. அப்புறம் தலையத் தொடவே இல்ல. தள்ளி உக்காந்து விசிறிக்கிட்டே இருந்தா. கை மாத்தி மாத்தி நாள் பூரா விசிறுனா.

உப்புத் தண்ணி பாட்டிலப் பாத்து, இது என்னங்கன்னா. கோயில் தீர்த்தம்னேன். சிரிக்காதீங்க தம்பி, அவசரத்துல வேற என்ன வரும்? அதுக்கப்புறம் நான் அடிக்க வேண்டிய வேலையே இல்ல. அவளே பாட்டிலக் கண்ணுல ஒத்திக்கிட்டு, முணுமுணுன்னு வேண்டிக்கிட்டே, பூ மாதிரி அடிப்பா. ஒரு வேளை தப்பல. எங்க பிள்ளை தன்ஷிகாவுக்கு அஞ்சு வயசு, அதுக்கும் வாயில ரெண்டு சொட்டு விட்டா. உப்புக் கரிக்குதுன்னு துப்பிருச்சு.

தலைக்குத் தண்ணி ஊத்துற நாள் வந்துச்சு. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு அண்டாவ வெயில்ல வச்சிருந்தா. சொம்பால மடார்னு ஊத்தப் போறா, எல்லாம் சாக்கடையோட போகப் போகுதுன்னு நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கேன். அவ பச்சப் பிள்ளைக்கு ஊத்துற மாதிரி உள்ளங்கையில ஏந்தி ஏந்தி ஊத்துனா. பொருக்கெல்லாம் தானா கழண்டு வந்துச்சு. அடுத்து டாக்டரம்மாகிட்டப் போனப்ப லென்ஸ வச்சுப் பாத்துட்டு, "ஒரு வேர்கூடப் போகல சார், யாரு பாத்துக்கிட்டது?"ன்னாங்க. வீட்டுலன்னேன். "அவுங்களைய இங்க வேலைக்கு அனுப்புங்க"ன்னாங்க. நான் என்னமோ என்னையப் பாராட்டுன மாதிரி சிரிச்சுக்கிட்டு வந்தேன்.

அந்தத் தண்ணி ஊத்துன அன்னைக்குத்தான் தலையத் தொவட்டாம ஒத்தி எடுத்துக்கிட்டே சொன்னா: "ஒங்களுக்கு முத்து எறங்கி எந்திரிச்சுட்டா இருக்கன்குடி ஆத்தா கோயிலுக்குக் கூட்டியாந்து முடி எறக்குறேன்னு நேந்திருக்கேங்க."

"யாரு முடிய?"

"ஒங்க முடியத்தான். இருக்கிறதே கொஞ்சூண்டு, அது போறதுல ஒங்களுக்கு என்ன நட்டம்?"

எனக்கு என்ன நட்டம்! நான் அங்க உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு வேருக்கும் ஆன காச நெனைச்சு முழிச்சேன்.

லீவு முடிஞ்சு ஸ்கூலுக்குப் போனாலும் வெயில் இருக்குல்ல. நான் கிரவுண்டுல காலே வைக்கல. அந்த டெர்ம் பூரா எங்க ஸ்கூல்ல வெளாட்டுன்னா கேரம், செஸ். வராண்டாவுல பாயப் போட்டு உக்காத்தி வச்சுட்டேன். கபடி டீம் பயக கேரம் போர்டச் சுத்தி கண்ணீர் விடாத குறையா உக்காந்திருந்தானுக. ஒருத்தன் வந்து, "சார், வெயிலே இல்ல, மேகமா இருக்கு, போலாமா?"ன்னான். மேகத்துக்குள்ள இருந்தும் வெயில் வரும்டான்னு டாக்டரம்மா சொன்னத அப்படியே சொன்னேன். அவன் என்னைப் பாத்த பார்வை இருக்கே. ஹெச்.எம். மட்டும் அறிவு சார்ந்த வெளாட்டுக்கு மாறியிருக்கார்னு மீட்டிங்குல பாராட்டுனாங்க.

அப்புறம் நட்டதெல்லாம் கொட்டிருச்சு. ஒங்களுக்கும் கொட்டும், பயப்படாதீங்க, வேரு உள்ள இருக்கும். அப்ப எனக்கு அது புத்தியில ஏறல. தலகாணியில ஒட்டியிருந்த முடியப் பாத்து ஒரு நாள் அழுதுட்டேன். மாரீஸ்வரி எதுக்குன்னே தெரியாம முதுகத் தடவிக் குடுத்தா. ஐப்பசி கடைசியில எண்ணெய் தேய்க்க வந்தவ கைய எடுத்துட்டா. "என்னங்க இது, சொரசொரங்குது?"ன்னா. வெளிச்சத்துக்கு இழுத்துட்டுப் போய்ப் பாத்தா. முன்னால பூரா முளை விட்டிருக்கு!

நான் சொல்றதுக்குள்ள அவளே சொல்லிட்டா. "முத்துப் போட்ட எடத்துல எல்லாம் முடி குடுத்திருக்கா ஆத்தா!"

தெருவே வந்து பாத்துச்சு தம்பி. என் தலைய! கன்னத்துல போட்டுக்கிட்டவங்களும் உண்டு. பரமானந்தம் அண்ணாச்சி தனியாக் கூட்டிட்டுப் போயி, "தம்பி, இந்த அம்மை எங்க புடிச்சது? மதுரையில எந்தப் பக்கம்?"ன்னு கேட்டாரு. அப்ப நான் சொல்லிருந்தா ஆத்தா மேலயே பொய் சொன்னேன்னு தெரு என்னைய வச்சுப் பாக்குமா? அதனால சொல்லல. நல்ல காரணந்தான?

நேத்திக்கடன மட்டும் தள்ளிக்கிட்டே வந்தேன். இப்ப மழை, இப்ப மார்கழி, இப்ப ஸ்போர்ட்ஸ் மீட்டு. மாசத்துக்கு ஒரு சாக்கு. முடி வேற அடர்ந்து வருதா, கண்ணாடி முன்னால இருந்து நகரவே மனசில்ல. மாசியில பிள்ளைக்கு நெசமாவே அம்மை போட்டுருச்சு. இது ஆஸ்பத்திரியில காட்டி உறுதி பண்ண அம்மை. உடம்பெல்லாம் கொப்பளம், காச்சல், தொட்டா அலறுது. அண்ணாச்சி தெனம் எளநி வாங்கிட்டு வந்து பிள்ளை பக்கத்துலயே உக்காந்துக்கிட்டாரு, எதுக்குன்னு எனக்குத் தெரியும். மாரீஸ்வரி என்னைய ஒரு வார்த்தை குத்திச் சொல்லல. "நேந்ததச் செய்யாம இருக்கோம்ல"ன்னு மட்டும் சொன்னா. நான் பெருசா சாமி கும்புடுற ஆளில்ல. ஆனா பிள்ளை அழுதப்ப பயந்து போயிட்டேன் தம்பி. கொழந்த எந்திரிக்கட்டும், மொட்டையப் போட்டுரலாம்னு முடிவு பண்ணிட்டேன். பிள்ளை நல்லா எந்திரிச்சுருச்சு.

இன்னைக்குக் காலையில இருக்கன்குடி வந்தோம். சத்தியமா மொட்டை போடத்தான் வந்தேன். சீட்டு வாங்கப் போனவன், எதுக்கும் டாக்டரம்மாவ ஒரு வார்த்தை கேட்டுரலாம்னு போன் போட்டேன். கத்தி பட்டா வேரு போகுமான்னு கேட்டேன். போகாதுன்னாங்க. சந்தனம் பூசலாமா? பூசலாம். பங்குனி வெயில் படலாமா? "பெரியவங்களுக்கு மொட்டை போட்ட அன்னைக்குத் தலை ரொம்ப இளசு சார், வெயில் படவிடாதீங்க, துணியப் போட்டு மூடிக்குங்க"ன்னாங்க. தைலம் போடலாமா, எத்தன நாள்ல வளரும், பழைய அடர்த்தி வருமான்னு நான் கேட்டுக்கிட்டே இருக்கேன், அவுங்களும் சொல்லிக்கிட்டே இருக்காங்க. பேசி முடிச்சுத் திரும்பிப் பாத்தா, மாரீஸ்வரி உக்காந்துட்டா.

பாதிக்கு மேல எறக்கியாச்சு. அவ முடி இடுப்புக்குக் கீழ வரும் தம்பி. மடியில கெடந்துச்சு.

"என்ன பண்ற நீ! பூமுடின்னு நுனியில கொஞ்சம் குடுத்தாலாவது போதும்ல!"ன்னு கத்துறேன்.

"முழுசா நேந்துட்டு பூமுடியக் குடுத்து ஆத்தாள ஏமாத்தச் சொல்றீங்களா?"ன்னா. குனிஞ்சபடியே சொல்றா. "நீங்க அந்தப் பக்கம் போன்ல நிக்கிறதப் பாத்தேன். ஒங்களுக்கு மனசில்லன்னு தெரிஞ்சது. அதுவும் நியாயந்தான, ஆத்தா பாத்துக் குடுத்த முடிய அவகிட்டயே எப்படித் திருப்பிக் குடுக்க? பூசாரிகிட்ட கேட்டேன். வீட்டுல யாரு குடுத்தாலும் சரிதான்னாரு."

அந்தா, ரெண்டாவது சீட்டுல, பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு, சந்தனம் பூசுன தலை தெரியுதுல்ல? அதுதான் மாரீஸ்வரி.

கோயில்லயே சொல்லிருக்கணும். அவ கண்ணாடியில ஒரு தரம் பாத்துட்டு, "ஒங்க பழைய தலைய நான் வாங்கிக்கிட்டேன்"ன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்புக்கு நடுவுல எப்படிச் சொல்ல? இது ஆத்தா குடுத்தது இல்ல, பணம் கட்டி வாங்கினதுன்னு சொன்னா, அவ முடி எதுக்குப் போச்சுன்னு கேப்பால்ல? அதுக்கு என்கிட்ட பதிலே இல்ல தம்பி. ஏழெட்டு மாசமா எல்லாத்துக்கும் பதில் வச்சிருந்தேன்.

இருங்க, திரும்பிப் பாக்குறா. பஸ்ஸு மேற்க வளைஞ்சிருச்சுல்ல, வெயில் சுள்ளுனு அடிக்குது. என்னமோ சைகை காட்டுறா. என்ன? துண்டா? தலையிலயா? ஆ, சரி சரி, போட்டுக்கிறேன். பாத்தீங்களா, என் தலையில வெயில் படுதாம். "ஆத்தா குடுத்ததுங்க, காயவிடாதீங்க"ன்னு பஸ்ஸுக்கே கேக்குற மாதிரி சொல்றா. எல்லாரும் என் மண்டையப் பாக்குறாங்க. இந்த மனுசிகிட்டப் போய் எந்த வாயால சொல்ல?

என்ன தம்பி? என்ன சொன்னீங்க?

அவுங்க மொட்டைக்கு யாரு துண்டு போடுவாங்கன்னா?

ஆமா.

ஆமால்ல. அவ உக்காந்திருக்கது வெயில் பக்கந்தான. பஸ்ஸுல ஏறுனதுல இருந்து அங்கதான உக்காந்திருக்கா. டாக்டரம்மா காலையில அவ்வளவு சொன்னாங்க, நானும் தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டேன். எனக்குன்னு கேட்டேன் தம்பி. ஒங்க தொப்பி உரசுறது தெரியுது எனக்கு. அவ தலையில சந்தனம் காஞ்சு வெடிச்சுப் போயிருக்கது இப்பத்தான் தெரியுது.

கொஞ்சம் கால ஒதுக்குங்க, இந்தத் துண்ட அவ தலையில போட்டுட்டு வந்துர்றேன்.

இல்ல, வரல. நீங்க என் சீட்ட யாருக்காவது குடுத்துருங்க. நான் அவ பக்கத்துலயே நின்னுக்கிடுறேன், சொல்லி முடிக்கிற வரைக்கும்.